காலியாக விடப்பட்ட நாற்காலி

1936 ஜூலை 20 அன்று ஸ்பெயினின் பார்சிலோனாவில், கட்டலோனிய அரசின் தலைவர் லூயிஸ் கொம்பானிஸின் அலுவலகத்துக்குள் சிலர் துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். சவரம் செய்யாத முகம், தூக்கம் காணாத கண்கள், உடையெல்லாம் வெடிமருந்துப் புகை. ஸ்பெயின் குடியரசுக்கு எதிராக முந்தைய நாள் விடியலில் அங்கே தொடங்கிய இராணுவக் கலகத்தைத் தெருவில் நின்று முறியடித்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். அரசுக்கு விசுவாசமாக இருந்த காவல் படையினரும் அந்தச் சண்டையில் பங்கெடுத்தார்கள் என்றாலும், நகரம் இப்போது யார் கையில் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது சி.என்.டி. என்ற தொழிற்சங்கத்தின் கையில் இருந்தது. அரசு என்ற ஒன்றே கூடாது என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை.

கொம்பானிஸ் பழைய வழக்கறிஞர். இதே சங்கத்துக்காரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர். அவர் அன்று சொன்னதை, வந்தவர்களில் ஒருவரான ஹுவான் கார்சியா ஒலிவெர் பின்னாளில் எழுதினார். அதன் சாரம் இது: நகரமும் கட்டலோனியாவும் இன்று உங்களுடையவை, நான் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், உங்களோடு இன்னொரு சிப்பாயாகச் சேர்ந்துகொள்கிறேன்.

நாற்காலியை எடுத்துக்கொள்ளச் சொல்லியும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சங்கத்தின் கூட்டத்தில் "முழுவதையும் எடுத்துக்கொள்வோம்" என்று கார்சியா ஒலிவெர் வாதிட்டார். ஆதரித்தவர்கள் மிகச் சிலர். அதிகாரத்தை ஒழிக்க வந்தவர்கள் அதிகாரத்தில் அமர்வதா என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. கொம்பானிஸ் தன் இடத்திலேயே இருந்தார். எல்லாக் கட்சிகளும் சேர்ந்த போராளிக் குழுக்களின் மத்தியக் குழு ஒன்று அமைந்தது. நிஜமான அதிகாரம் கொஞ்ச காலம் அந்தக் குழுவிடமும், காகிதத்தில் அரசிடமும் இருந்தன. காகிதத்தில் இருந்தது எப்படி மெல்ல மெல்ல நிஜமானது என்பதுதான் அடுத்த பத்து மாதக் கதை.

அரசே வேண்டாம் என்னும் அந்தக் கொள்கை, அதாவது அரசின்மைவாதம், நடக்கக்கூடியதா என்று யாராவது கேட்டால், புத்தகங்களைவிட முதலில் இந்த அறைதான் என் நினைவுக்கு வருகிறது.

நம் மொழியில் இந்தக் கருத்துக்கு முதலில் ஒட்டிக்கொண்ட சொல்லே சரியில்லை. "கடைவீதியில் ரவுடிகள் அராஜகம்" என்று செய்தித்தாள் எழுதினால், அதில் அரசியல் தத்துவம் எதுவும் இல்லை. அராஜகம் என்றால் அரசன் இல்லாத நிலை. தசரதன் இறந்த மறுநாள் அயோத்தியில் முனிவர்கள் கூடி, அரசனில்லா நாட்டில் மழை பெய்யாது, மகன் தந்தை சொல் கேட்க மாட்டான் என்று அடுக்கிய பட்டியலிலிருந்தே அந்தச் சொல் அச்சத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவம் கொஞ்சம் நியாயமாக இரு பக்கமும் பேசுகிறது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலை என்றும் சொல்கிறது. அரசும் அரசனும் தண்டனையும் தண்டிப்பவனும் இல்லாமல் மக்கள் அறத்தால் ஒருவரையொருவர் காத்துக்கொண்ட ஒரு காலம் இருந்தது என்றும் சொல்கிறது. அரசின்மையர்கள் நம்புவது இந்த இரண்டாவதை. ஒழுங்கை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலிருந்து திணிக்கப்படும் ஒழுங்குதான் வேண்டாம் என்கிறார்கள்.

1840-இல் தன்னை அரசின்மையன் என்று பெருமையோடு அழைத்துக்கொண்ட புரூதோன் தொடங்கி, ரஷ்ய இளவரசராகப் பிறந்து புவியியல் படித்த கிரோபோட்கின் வரை இதற்குப் பல கிளைகள் உண்டு. தண்டு ஒன்றுதான். வேலை செய்பவர்களே வேலையை நிர்வகிக்க வேண்டும். ஊர்களும் தொழிற்கூடங்களும் தாமாக விரும்பிக் கூட்டமைப்பாகச் சேர வேண்டும். மேல் குழுவுக்குப் போகிறவர் தூதர்தான், ஆள்பவர் அல்லர். அனுப்பியவர்கள் நினைத்தால் நாளையே திருப்பி அழைக்கலாம். மார்க்ஸோடு ரஷ்ய அரசின்மையரான பக்கூனின் மோதியதும் இங்கேதான். தொழிலாளர் பெயரில் அரசைப் பிடித்தால், பிடித்தவர்கள் தொழிலாளர்களாக நீடிக்க மாட்டார்கள், ஆள்பவர்களாகிவிடுவார்கள் என்றார் பக்கூனின். 1872-இல் ஹேக் மாநாட்டில் அவரை அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். சோவியத் ஒன்றியத்தைப் பார்த்த பிறகு, அந்த ஒரு விஷயத்திலாவது அவர் கணிப்பு பிழைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதை அருகிலிருந்து பார்த்த ஒரு சென்னைக்காரர் இருந்தார். எம்.பி.டி. ஆச்சார்யா 1887-இல் சென்னையில் பிறந்தவர். பாரதியாரோடு 'இந்தியா' பத்திரிகையில் வேலை பார்த்தவர். 1908-இல் ஐரோப்பாவுக்குப் போனார். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். கட்சியின் இன்னொரு நிறுவனரான எம்.என். ராயோடு முரண்பட்டு வெளியேறி, பெர்லினில் அரசின்மைவாதியானார். பிறகு ரஷ்ய ஓவியரான மனைவி மக்டா நாக்மனோடு பம்பாய் வந்தார். கையில் காசில்லாமல், உலகெங்குமுள்ள அரசின்மை இதழ்களுக்கு எழுதிக்கொண்டே 1954-இல் இறந்தார். நம் விடுதலைப் போராட்ட வரலாற்றில் அவருக்கு ஒரு அடிக்குறிப்புதான் கிடைத்திருக்கிறது. எல்லாரும் ஏதாவதோர் அரசைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், எந்த அரசும் வேண்டாம் என்றவருக்கு வேறென்ன கிடைக்கும்?

ஸ்பெயினுக்கு வருவோம். வேறெங்கும் சிறு குழுக்களின் கனவாக இருந்தது அங்கே பெருந்திரளின் இயக்கமாக இருந்தது. 1910-இல் தொடங்கிய சி.என்.டி., 1919-இல் பார்சிலோனாவின் மின்சார நிறுவனத்தில் 44 நாள் வேலைநிறுத்தம் நடத்தியது; எட்டு மணி நேர வேலைநாள் ஸ்பெயினில் சட்டமானது அதையொட்டித்தான். 1936 மே மாதம் சரகோசாவில் கூடியபோது, அதன் பிரதிநிதிகள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சார்பில் வந்திருந்தார்கள். சம்பளம் வாங்கும் நிர்வாகிகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். புரட்சிக்குப் பிந்தைய சமூகம் எப்படி இருக்கும் என்று அந்த மாநாடு விரிவாகத் தீர்மானம் போட்டது. உடையின்றி வாழ விரும்பும் இயற்கைவாதிகளின் கம்யூன்களுக்கு என்ன ஏற்பாடு என்பதுகூட அதில் இடம்பெற்றது. இராணுவம் கலகம் செய்தால் ஆட்சியதிகாரத்தை என்ன செய்வது என்பது இடம்பெறவில்லை. கலகம் வர இரண்டு மாதம்தான் இருந்தது.

ஆனால் வேலை நடந்தது. இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. சண்டையில் தண்டவாளங்களும் மின்கம்பிகளும் சேதமாகியிருந்தன. டிராம் நிறுவனத்தின் மேலாளர்கள் ஓடிவிட்டார்கள். ஏறத்தாழ 7,000 பேர் வேலை பார்த்த அந்த நிறுவனத்தில், சண்டை ஓய்ந்து ஐந்தே நாளில் டிராம்கள் மறுபடி ஓடின, சங்கத்தின் சிவப்பு கறுப்பு வண்ணம் பூசிக்கொண்டு. இந்த விவரங்களை எழுதிவைத்த காஸ்தோன் லெவால் தாமே அரசின்மையர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும். எனினும் டிராம் ஓடியதை மறுப்பவர் யாரும் இல்லை. மின்சாரம், தண்ணீர், ரொட்டி, சினிமாக் கொட்டகை, முடிதிருத்தும் கடை எனப் பலவும் தொழிலாளர் கையில் ஓடின. 1936 அக்டோபர் 24-இல் கட்டலோனிய அரசு, 100 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் கூட்டுடைமையாகும் என்று ஆணையே பிறப்பித்தது. நடந்து முடிந்ததற்கு அரசு முத்திரை குத்தியது என்று பார்க்கலாம். நடந்ததைத் தன் ஏட்டுக்குள் கொண்டுவந்தது என்றும் பார்க்கலாம். நான் இரண்டாவதையே ஏற்கிறேன்.

முதலாளி இல்லாமல் தொழிற்கூடம் ஓடுமா என்ற கேள்விக்கு ஓடும் என்பதே விடை. இதில் பெரிய வியப்பும் இல்லை. டிராமை ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுநர், பழுது பார்க்கத் தெரிந்தவர் பட்டறைக்காரர். முதலாளி இருந்தபோதும் அவர்கள்தான் ஓட்டினார்கள். சிக்கல் ஒரு பட்டறைக்கும் இன்னொரு பட்டறைக்கும் இடையில் வந்தது. கையிருப்பும் நல்ல இயந்திரமும் உள்ள ஆலை நன்றாகச் சம்பளம் கொடுத்தது. பஞ்சு வராத நெசவாலையில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. பழைய ஒரு முதலாளியின் இடத்தில், ஆலையைத் தங்கள் சொந்தச் சொத்தாகக் கருதும் புதிய ஆறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள் என்று நொந்துகொண்டார் இயக்கத்தின் பொருளியல் சிந்தனையாளர் அபாத் தெ சந்தில்யான். ஆலைகளுக்கிடையே சமன் செய்ய ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. இருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்குக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டுக்கு, கொடுக்க மறுப்பவரைக் கொடுக்க வைக்கும் வலு வேண்டும். அந்த வலுவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் அவர்கள் தடுமாறினார்கள்.

கட்டலோனியாவுக்கு மேற்கே உள்ள அரகோனின் கிராமங்களில் இன்னும் துணிச்சலான சோதனை நடந்தது. நிலத்தைச் சேர்த்துப் பயிரிட்டார்கள். சில ஊர்களில் பணத்தையே ஒழித்துவிட்டு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்துச் சீட்டு கொடுத்தார்கள். பல ஊர்களில் இதை ஏழைகள் மனமாரச் செய்தார்கள். வேறு சில ஊர்களில் போராளிப் படையின் துப்பாக்கி பக்கத்தில் நின்றதால் செய்தார்கள். சேராத சிறு விவசாயி தனியே உழுதுகொள்ளலாம் என்பது கொள்கை. ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது ஒருவன் எவ்வளவு காலம் தனியே உழுவான்?

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு இங்கே உறுத்தல் வர வேண்டும். போலீசும் சிறையும் இல்லாத சமூகத்தில் தவறு செய்பவரை என்ன செய்வது என்று கேட்டால், அரசின்மையர்கள் பொதுவாகச் சொல்லும் விடை சமூகத்தின் கண்டிப்பு. முற்றினால் உறவை முறித்துக்கொள்வது. நமக்கு அதற்குப் பெயர் தெரியும். ஊர்க்கட்டுப்பாடு. ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தல். தண்ணீர் எடுக்கக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது. போலீஸ் வேண்டியதில்லை, எழுத்தில் சட்டமும் வேண்டியதில்லை. சாதி தாண்டிக் காதலித்தவர்கள் மீது அது எவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரியும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய ஊர்ப்பற்றின் சாக்கடை, அறியாமையின் குகை என்று சொன்னபோது, கிராமக் குடியரசுக் கனவில் இருந்தவர்கள் கோபப்பட்டார்கள். அவரோ அந்தக் குடியரசின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் இடத்திலிருந்து பேசினார். தொலைவில் இருக்கும் அரசைவிட எதிர்வீட்டுக்காரன் கொடியவனாக இருக்கக்கூடும். ஐரோப்பிய அரசின்மையர்கள் அரசன், பாதிரி, முதலாளி மூவரையும் நன்றாகப் படித்தார்கள். எதிர்வீட்டுக்காரனை அவ்வளவாகப் படிக்கவில்லை.

பெண்கள் அதை முதலில் கவனித்தார்கள் என்று நினைக்கிறேன். சங்கக் கூட்டங்களிலேயே தங்களைக் கேலி செய்து உட்கார வைக்கிறார்கள் என்று கண்ட லூசியா சான்செஸ் சாவோர்னில், மெர்சேதெஸ் கொமாபொசாதா, அம்பாரோ போச் மூவரும் 1936-இல் 'முஹெரெஸ் லிப்ரெஸ்' (சுதந்திரப் பெண்கள்) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எழுத்தறிவு வகுப்பு, தொழிற்பயிற்சி, குழந்தைக் காப்பகம். 20,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். தங்கள் இயக்கத்துக்குள்ளேயே ஆளுகை இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்குத் துணிவு இருந்தது.

சட்டம் விலகிய இடத்தில் என்ன நுழைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. முதல் மாதங்களில் பாதிரியார்களையும் ஆலை முதலாளிகளையும் வலதுசாரிகளையும் இரவில் வீடு தேடிச் சென்று அழைத்துப் போய்ச் சுட்டார்கள். போர்க்காலத்தில் கட்டலோனியாவில் மட்டும் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். எல்லாப் பழியும் அரசின்மையர்களுடையது அல்ல; கலகக்காரத் தளபதி பிராங்கோவின் தரப்பு கொன்றவர்களின் எண்ணிக்கை நாடு முழுவதும் இதைவிட மிகப் பெரிது. ஆனால் ரோந்துக் குழுக்களில் மற்ற எந்தத் தரப்பையும்விட அவர்கள்தான் அதிகம். விசாரணை இல்லாமல் கொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்று சொன்னவர்கள் இயக்கத்துக்குள்ளேயே இருந்தார்கள். சொல்வதைக் கேட்க வைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

மீண்டும் நாற்காலிக்கு வருகிறேன். தெரு சி.என்.டி.யிடம் இருந்தது, வங்கி அவர்களிடம் இல்லை. ஸ்பெயின் வங்கியின் தங்கம் மாட்ரிட்டில், மத்திய அரசின் கையில் இருந்தது. 1936 அக்டோபரில் அதில் 510 டன் கார்த்தஹேனா துறைமுகத்திலிருந்து கப்பலேறி சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. பதிலுக்கு ஆயுதம் வந்தது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பங்கிட்டவர்கள் மாட்ரிட்காரர்களும் அவர்களின் சோவியத் ஆலோசகர்களும். அரகோன் போர்முனையில் இருந்த அரசின்மைப் படைகளுக்குப் போதிய துப்பாக்கி கிடைக்கவே இல்லை. பணத்தை ஒழிக்க நினைத்தவர்கள் பணப்பெட்டியை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள்.

பிறகு நடந்தது கசப்பான நகைச்சுவை. ஜூலையில் ஆட்சியை வேண்டாம் என்றவர்கள் நவம்பர் 4 அன்று மத்திய அரசில் நான்கு அமைச்சர் பதவிகளை ஏற்றார்கள். முழுவதையும் எடுக்கத் தயங்கி, கடைசியில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டார்கள். பெதெரிகா மொன்ட்செனி சுகாதார அமைச்சரானார். ஸ்பெயினின் முதல் பெண் அமைச்சர். வாழ்க்கையின் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்த கார்சியா ஒலிவெர் நீதித்துறை அமைச்சரானார். கைதிகளுக்கு உழைப்பு முகாம்கள் அமைத்த ஆணை அவருடையது. அவர்களைத் துரோகிகள் என்று திட்டுவது எளிது. பிராங்கோவின் படை மாட்ரிட் வாசலில் நின்றது. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. ஜூலை 21-லேயே முடிவு எடுத்திருந்தால், கட்டலோனியாவில் அரசின்மையர்களின் சர்வாதிகாரம் என்ற விசித்திரம்தான் பிறந்திருக்கும். உக்ரைனில் 1918 முதல் 1921 வரை போராடிய அரசின்மையர் மக்னோவின் படையிலும் உளவுப் பிரிவு இருந்தது, பெயரளவில் விருப்பமான ஆள்சேர்ப்பும் இருந்தது. போர் வந்தால் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

1937 மே மாதம் வரை அவர்கள் கையில் மிஞ்சியிருந்தவற்றில் ஒன்று, பார்சிலோனாவின் கத்தலூனியா சதுக்கத்தில் இருந்த தொலைபேசி நிலையம். அதைச் சங்கத் தொழிலாளர்கள் நடத்தினார்கள். கொம்பானிஸோடு பேசிக்கொண்டிருந்த குடியரசுத் தலைவர் அசான்யாவின் இணைப்பை, இதைவிட முக்கியமான வேலைக்குக் கம்பி தேவைப்படுகிறது என்று சொல்லி, நிலையத்தில் இருந்த ஒருவர் துண்டித்தார் என்பது அன்று பரவலாகப் பேசப்பட்ட செய்தி. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். தத்துவம் ஒரு கணம் சொருகுகம்பி வடிவில் தெரிகிறது. நாட்டின் தலைவரும் மற்றொரு சந்தாதாரர்தான். ஆனால் எந்த அரசும், எவ்வளவு இடதுசாரியாக இருந்தாலும், இதைப் பொறுத்துக்கொள்ளாது. மே 3 அன்று போலீஸ் நிலையத்துக்குள் புகுந்தது. நகரமெங்கும் தடுப்பரண்கள் எழுந்தன. நான்கைந்து நாள் சண்டையில் சில நூறு பேர் இறந்தார்கள். ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று வானொலியில் தன் தோழர்களிடம் கெஞ்சியவர் அமைச்சர் கார்சியா ஒலிவெர். ஆகஸ்டில், கம்யூனிஸ்ட் தளபதி லிஸ்தெரின் படைப்பிரிவு அரகோனுக்குள் நுழைந்து, அங்கிருந்த அரசின்மையர்களின் ஆட்சி மன்றத்தைக் கலைத்தது. பல கூட்டுப் பண்ணைகளைக் கலைத்தது. கதை முடிந்தது. பிராங்கோ வெல்ல இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தது.

இதே ஸ்பெயினில், பார்சிலோனாவுக்குத் தெற்கே வலென்சியாவில், வாரந்தோறும் வியாழக்கிழமை நண்பகலில் கதீட்ரலின் வாசலில் எட்டுக் கால்வாய்களின் விவசாயப் பிரதிநிதிகள் கறுப்பு அங்கியோடு அமர்கிறார்கள். தண்ணீர் முறையை மீறியவர் மீது புகார் வந்தால் வாய்மொழியாகவே விசாரித்து, அங்கேயே தீர்ப்பு சொல்கிறார்கள். வழக்கறிஞர் இல்லை, கட்டுக் கட்டாகக் காகிதம் இல்லை. பல நூற்றாண்டுகளாக நடக்கும் இந்த மன்றத்தை யுனெஸ்கோ 2009-இல் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. அதே ஆண்டு பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், இப்படிப்பட்ட பாசன முறைகளை ஆராய்ந்து, அரசோ தனியுடைமையோ இல்லாமலும் பொதுச்சொத்தை மக்கள் காக்க முடியும் என்று காட்டியவர். அவர் கண்ட நிபந்தனைகளைப் பார்த்தால் நம் ஏரிப்பாசனம் நினைவுக்கு வரும்: யார் உறுப்பினர் என்பது தெளிவாக இருக்க வேண்டும், கண்காணிக்க, மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டி போல் ஓர் ஆள் வேண்டும், முதல் தவறுக்குச் சிறு அபராதம், தொடர்ந்தால் பெரிது. அரசின்மையர்கள் இதைத் தங்கள் வெற்றியாகக் காட்டுவதுண்டு. பாதி சரி. வலென்சியா மன்றத்தின் தீர்ப்பு செல்லும் என்று ஸ்பெயினின் சட்டம் ஏற்றிருக்கிறது. பின்னால் அரசு நிற்கிறது. அதோடு, கால்வாய் கண்ணுக்குத் தெரியும். என் மடை அடைந்தால் உன் வயல் காயும். ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதமோ தடுப்பூசித் தயாரிப்போ அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மெக்சிகோவின் சியாபாஸில் 1994 ஜனவரி 1 அன்று சபதிஸ்தாக்கள் என்ற பழங்குடி விவசாயிகளின் இயக்கத்தினர் ஆயுதம் ஏந்தினார்கள். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 14-இல், பிரான்சின் துலூஸில் பெதெரிகா மொன்ட்செனி 88 வயதில் காலமானார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாடு கடந்து வாழ்ந்தவர். சபதிஸ்தாக்கள் தங்களை அரசின்மையர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. மெக்சிகோ அரசைப் பிடிக்கவும் அவர்கள் முயலவில்லை. சண்டை 12 நாளில் ஓய்ந்தது. அதன்பின் தங்கள் ஊர்களில் பள்ளி, மருத்துவமனை, நீதி எல்லாவற்றையும் தாங்களே நடத்தினார்கள். பொறுப்பு சுழற்சியில் வரும், சம்பளம் கிடையாது. மெக்சிகோ அரசு அவர்களை முற்றாக அழிக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் முப்பதாண்டு வாழ்ந்தார்கள்.

2023 நவம்பரில், தங்கள் தன்னாட்சி நகராட்சிகளையும் அவற்றுக்கு மேலிருந்த நல்லாட்சி மன்றங்களையும் தாங்களே கலைப்பதாக அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று: அமைப்பு பிரமிடு போல ஆகிவிட்டது, மேலே இருப்பவர்கள் கீழே உள்ள ஊர்களிலிருந்து விலகிவிட்டார்கள். இனி ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியே அதன் சொந்தத் தன்னாட்சி அரசு. அதே அறிவிப்புகளில் சியாபாஸின் சாலைகளில் பெருகிவிட்ட போதைக் கும்பல்களைப் பற்றியும் சொல்லியிருந்தார்கள். அந்தக் கும்பல்களிடம் துப்பாக்கி இருக்கிறது. பிரமிடு பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.